அளக்காமல் விட்ட நிமிடம்

யாராவது "மணி என்ன?" என்று கேட்டால் இப்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கையில்தானே கட்டியிருக்கிறீர்கள், பார்த்துச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று என் மனைவி நவமணி கேட்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது? எண்பத்தாறாம் வருஷம் ஆயுத பூசையன்று ஒரே ஒரு தடவை நான் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தில் பிச்சைமுத்து அண்ணனுடைய வேலையும் பேரும் மாட்டிக்கொண்டன.

அப்போது நான் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு ரப்பர் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். கம்பெனி பழைய தோட்டங்களை வாங்கி, ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்களின் ரப்பரைப் பிழிந்து தகடாக்க, சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்குள் தொழிற்சாலை ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தது. அங்கே இரண்டு இடத்தில் நேரம் பதிவாகும். ஒன்று, உருளை மெஷின்கள் ஓடும் மில்லில், எந்தப் பட்டனை எப்போது அமுக்கினார்கள் என்று குறிக்கிற பெட்டி. மற்றொன்று, எல்லா லைனுக்கும் கரண்ட் கொடுக்கிற சுவிட்ச் ரூமில் நாங்கள் புதிதாக வைத்த கம்ப்யூட்டர். எந்த லைனுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் கொடுத்தார்கள் என்று அது உடனுக்குடன் பேப்பரில் அடித்துத் தள்ளும்.

இரண்டு கடிகாரமும் ஒத்துப் போகாது. ஈப்போவில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரோடும் ஒத்துப் போகாது. "எல்லாத்தையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைங்கலா, என்ன பெரிய வேலை?" என்று மேனேஜர் கேட்டார். பெரிய வேலைதான். ஓடுகிற கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் அதே நிமிஷம் இரண்டு தடவை வரும். பிறகு நடந்தது முன்னால் நடந்ததாகப் பேப்பரில் நிற்கும். அதனால் நான் ஒரு வழி செய்தேன். எந்தக் கடிகாரத்தையும் தொடுவதில்லை. தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஈப்போ கம்ப்யூட்டர் டெலிபோன் லைன் வழியாக அங்கே இருக்கிற இரண்டையும் தனித்தனியே கூப்பிட்டு, "உனக்கு இப்போது மணி என்ன?" என்று கேட்கும். கேட்ட நேரத்தையும் பதில் வந்து சேர்ந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் அது பதில் சொன்னதாக வைத்துக்கொள்ளும். வித்தியாசம் எவ்வளவோ அதை எழுதி வைக்கும். மில் பெட்டி இருபது வினாடி பின்னால். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். பேப்பரில் வருகிற நேரத்தோடு இருபதைக் கூட்டினால் முடிந்தது. கடிகாரம் பொய் சொல்லலாம், எவ்வளவு பொய் என்று நமக்குத் தெரிந்தால் போதும் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

என் மேலதிகாரி மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் கோடு கிழித்தாற்போல் செய்கிறவர். அவருக்கு இது பிடித்திருந்தது. ஆனால் ஒரு நாள், "உம்மட முறை நல்லதுதான். ஆனால் அளக்க முந்தி ஒண்டு நடந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டார். "ஒரு நாளைக்குள்ள என்ன சார் நடந்துறப் போவுது?" என்றேன். வாய்க்கொழுப்பு.

ஆயுத பூசைக்குப் பிச்சைமுத்து அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டார். இருபது வருஷமாகச் சுவிட்ச் ரூம் அவர் பொறுப்பு. கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதைச் சந்தேகமாகப் பார்த்தவர், ஒரே மாதத்தில் அதற்குத் தினமும் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார். "தம்பி, நீ கண்டிப்பா வரணும்லா. நம்ப கம்ப்யூட்டருக்கு மொத பூச" என்றார். மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது எல்லா மெஷினையும் நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். நிறுத்தி வைத்திருந்த கம்ப்யூட்டர் தலையில் ஒரு பெரிய பொட்டு. சரஸ்வதி படத்தைச் சுற்றி மின்னுகிற சின்னப் பல்புச் சரம். அதற்குக் கரண்ட் எடுக்க வேறு இடம் இல்லாமல், டெலிபோன் லைனோடு கம்ப்யூட்டரை இணைக்கிற மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் சொருகியிருந்தார்கள்.

"அலாமா, இதப் புடுங்கிட்டீங்களா?" என்றேன்.

"பூச முடியிற வரைக்கும்தான் தம்பி. சாமி இருட்டுலயா ஒக்காரும்?"

மத்தியானத்துக்குள் சொருகிவிட்டால் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

காலண்டரில் நல்ல நேரம் பத்தரைக்குத் தொடங்குகிறது என்று போட்டிருந்தது. அதற்கு முன் மெஷினில் கை வைக்க மாட்டேன் என்று அண்ணன் நின்றார். ஆனால் மேனேஜருக்குப் பினாங்கு போக வேண்டிய லாரி வாசலில் நின்றது. அவர் சுவிட்ச் ரூமுக்குள் எட்டிப் பார்த்து, "செப்பாட்லா, செப்பாட்லா" என்று அவசரப்படுத்தினார். "இன்னும் மூணு நாலு நிமிசம்தான்" என்று சொன்ன அண்ணன் அசையவில்லை. மேனேஜர் முகம் கறுத்தது. வாக்குவாதமாகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

மில் பெட்டியைப் போல அந்தக் கம்ப்யூட்டருக்குள் பேட்டரி கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி என்ன, மணி என்ன என்று அதுவே கேட்கும். நாம் தட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

"அண்ணே, இங்க வாங்க. கம்ப்யூட்டருக்கு நம்ப சொல்றதுதான் மணி. நான் பத்தரைன்னு போட்டுக் கொடுக்கறேன். அது கணக்குக்கு நல்ல நேரம் பொறந்துருச்சு. நீங்க சுவிட்சப் போடுங்க."

"அது பொய்யில்ல?"

"எண்பத்திரண்டுல கவர்மெண்டே நாடு பூரா கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சான். நான் மூணு நாலு நிமிஷம் தள்ளினா குத்தமா?"

அவர் சிரித்துவிட்டார். நான் பத்து, முப்பது, பூஜ்யம் என்று தட்டினேன். அவர் கற்பூரம் காட்டி, தொட்டுக் கும்பிட்டு, முதல் லைனுக்குக் கரண்ட் கொடுத்தார். பேப்பரில் பத்து முப்பது என்று அடித்தது. "அடிச்சிருச்சு பாத்தியா. சாமியும் படிச்சுக்கும்" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

உண்மையில் அப்போது மணி என்ன? பத்து இருபத்தாறா, இருபத்தேழா? என் கையில் கடிகாரம் இருந்தது. சுவரில் ஒன்று இருந்தது. நான் இரண்டையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஈப்போ கூப்பிட்டு வித்தியாசத்தை எழுதிக்கொள்ளும், எனக்கென்ன என்று இருந்தேன். அப்புறம் கேன்டீனுக்குப் போய்ப் பொங்கலும் கடலையும் தின்று கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மில்லிலிருந்து அலறல் கேட்டது.

நடந்தது இதுதான். பதினொரு மணிக்கு முன்னாலேயே மூன்றாம் லைனில் கரண்ட் நின்றுபோய் உருளை நின்றிருக்கிறது. அதில் வேலை செய்கிற ராக்காயி, இடுக்கில் சிக்கிய ரப்பரை எடுக்கப் போயிருக்கிறாள். இடுக்கில் கையை விடுவதற்கு முன் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் சுவிட்ச் ரூமில் சிவப்பு லைட் எரியும். அது எரியும்போது கரண்ட் கொடுக்கக் கூடாது. அதேபோல் சுவிட்ச் ரூமில் கரண்ட் கொடுத்தால் மில்லில் மணி அடிக்க வேண்டும். மணி கேட்டால் யாரும் கை விட மாட்டார்கள். கொடுத்த பிறகு அந்தப் பழைய உருளை நகர ஒரு நிமிஷம் பிடிக்கும் என்பதால்தான் இந்த மணி. அந்த மணி இரண்டு மாதமாக அடிப்பதில்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் கம்பெனி பார்க்கவில்லை. ராக்காயி பட்டனை அமுக்கினாள், கையை விட்டாள், உருளை நகர்ந்தது. வலது கையில் நான்கு விரல் போயிற்று.

பிச்சைமுத்து அண்ணன் லைட் எரிவதைப் பார்த்ததும் பாய்ந்து மெயின் சுவிட்சை இழுத்திருக்கிறார். இழுக்காவிட்டால் முழங்கை வரை போயிருக்கும். ஆனால் மெயினை இழுத்ததும் கம்ப்யூட்டரும் செத்தது. அதற்குள் இருந்த கடிகாரமும் அதோடு போயிற்று.

நான் சுவிட்ச் ரூமுக்கு ஓடியபோது அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நான் கரண்டு கொடுக்கறப்ப லைட்டு எரியல தம்பி. கொடுத்துட்டு புக்குல எழுதிட்டு நிமிந்தேன். எரிஞ்சுது. சத்தியமா அப்பதான் எரிஞ்சுது."

விசாரணை என்று வந்ததும் எல்லாரும் பேப்பரைத்தான் எடுத்தார்கள். மில் பெட்டி சொன்னது: ராக்காயி பட்டனை அமுக்கியது பதினொன்று ஒன்று, நாற்பது வினாடி. இருபதைக் கூட்டினால் சரியாகப் பதினொன்று இரண்டு. சுவிட்ச் ரூம் பேப்பர் சொன்னது: மூன்றாம் லைனுக்குக் கரண்ட் கொடுத்தது பதினொன்று ஐந்து, முப்பது வினாடி. அதாவது அவள் பட்டனை அமுக்கி, லைட் எரிந்து, மூன்றரை நிமிஷம் கழித்து இந்த மனுஷன் கரண்ட் கொடுத்திருக்கிறார். படித்தவன் எவனும் இதைத்தான் சொல்வான். வேலை போகும். கம்பெனி கொடுத்த வீடு போகும். போலீஸ் கேஸும் வரலாம்.

நான் அன்றைக்கு இரவெல்லாம் கணக்குப் போட்டேன். கணக்கு என்ன பெரிய கணக்கு! நான் நாலு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தால் அவர் கரண்ட் கொடுத்தது பதினொன்று ஒன்று முப்பதுக்கு. ராக்காயி பட்டனைத் தொடுவதற்கு அரை நிமிஷம் முன்னால். லைட் எரியவில்லை என்று அவர் சொன்னது உண்மை. குற்றம் அடிக்காத மணியுடையது, அதைப் பழுது பார்க்காத கம்பெனியுடையது. மூன்று நிமிஷம்தான் தள்ளி வைத்திருந்தால் அவர் கொடுத்தது பதினொன்று இரண்டு முப்பதுக்கு. லைட் எரிந்து அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு பெண்ணின் கையை அவர்தான் எடுத்தார். மூன்றா, நாலா? இதற்குள் ஒரு மனுஷனின் மானம் கிடக்கிறது. என் மண்டைக்குள் அந்த ஒரு நிமிஷம் இல்லவே இல்லை.

காலையில் மயில்வாகனம் சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எத்தினை நிமிஷம் முன்னுக்கு வைச்சனீர்?"

"மூணு நாலு நிமிஷம் சார்."

"மூண்டோ, நாலோ?"

"கடிகாரத்தப் பாக்கல சார்."

"ஒரு லைனுக்குக் கரண்ட் குடுத்த உடனை எங்கட கம்ப்யூட்டருக்கு அது ஒரு செய்தி அனுப்புமே. அதிலை அங்கத்தை நேரமும் இங்கத்தை நேரமும் கிடக்கும்" என்று அவரே எழுந்து பதிவைப் பார்க்கப் போனார். பதிவில் ஒன்றும் இல்லை. மோடத்தின் பிளக் இருந்த இடத்தில் பல்புச் சரம் மின்னிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குப் பிறகு நான் பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன். மேனேஜரிடம் போனேன். நீங்கள் வந்து அவசரப்படுத்தினபோது மணி பார்த்தீர்களா? "பத்தே கால் இருக்கும், பத்து இருபத்தஞ்சு இருக்கும், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். மில்லில் பூசை செய்த பூசாரியிடம் போனேன். அவரிடம் கடிகாரமே கிடையாது. நேரமாயிற்று என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் கற்பூரம் கொளுத்தினாராம். அண்ணன் புத்தகத்தில் எழுதியிருப்பாரே என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதில்லை. அதன் பேப்பரைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். பத்து முப்பது, பதினொன்று ஐந்து என்று அழகாக, கோணாமல். அந்தப் புத்தகத்தைக் கிழித்துப் போடலாம் போல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். ராக்காயி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

"பட்டன அமுக்கிட்டுதான் கைய விட்டேன்ணே. மணி சத்தமே கேக்கல" என்றாள். பிறகு, "பிச்சமுத்து அண்ணன்தான் பாக்காம போட்டாருன்னு சொல்றாங்க. மெய்யாவா?" என்று கேட்டாள்.

"தெரியல தங்கச்சி" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குத் தெரியும்னு சொன்னாங்களே, நீங்கதான அதுக்கு ஆளு?"

வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஈப்போ அலுவலகத்தில் விசாரணை. கம்பெனி வெளியிலிருந்து ஒரு அதிகாரியை வரவழைத்திருந்தது. மேசையின் ஒரு பக்கம் அவர், மேனேஜர், மயில்வாகனம் சார். எதிரில் பிச்சைமுத்து அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பின்னால் நான். முதலில் என்னைத்தான் கேட்டார்கள். சுவிட்ச் ரூம் கடிகாரத்தைத் தப்பாக வைத்தது நான்தான், அந்தப் பேப்பரை நம்பக் கூடாது என்று சொன்னேன்.

"எவ்வளவு தப்பு?" என்று அதிகாரி கேட்டார்.

"மூணு, நாலு நிமிஷம்."

"மூன்று என்றால் இவர் குற்றவாளி. நான்கு என்றால் இல்லை. சரிதானே?"

"சரி."

"எது?"

"தெரியாது சார்."

அவர் பேனாவை மூடினார். "நீங்களும் இவரும் பழக்கம் என்று சொல்கிறார்கள். விபத்துக்குப் பிறகுதான் இது உங்கள் ஞாபகத்துக்கு வந்ததா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியவில்லை. மயில்வாகனம் சார் கையைக் காட்டி உட்கார வைத்தார். பிறகு அவரே எழுந்தார். "அளக்காத கடிகாரத்தின்ரை நேரத்தை நான் சாட்சியாக ஏற்க மாட்டன். எங்கட பிரிவின்ரை பிழை இது. அந்த மனிசன்ரை பிழை எண்டு இந்தப் பேப்பரை வைச்சுச் சொல்ல ஏலாது" என்றார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பேப்பரை ஒதுக்கினால் மிச்சம் இருப்பது ஒரே சாட்சி.

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கள். கரண்ட் கொடுத்தபோது லைட் எரிந்ததா, எரியவில்லையா?"

எரியவில்லை என்று சொன்னால் போதும். அன்றைக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னால் போதும். மறுத்துச் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எரிஞ்சுதுங்க" என்றார் அவர்.

அதிகாரிக்கே நம்ப முடியவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னார். வாக்குமூலத்தை டைப் அடித்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எல்லாரும் தேநீருக்கு எழுந்தார்கள். நான் அவரை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சட்டையைப் பிடித்தே இழுத்தேன்.

"என்ன காரியம்ணே பண்ணிட்டீங்க? லைட்டு எரியலன்னு என்கிட்ட சத்தியம் பண்ணீங்கள்ல?"

"அன்னிக்கு அப்படித்தான் தோணுச்சு தம்பி. அந்தப் பேப்பர என்கிட்ட காட்டுனாங்க. மூணு நிமிசமா லைட்டு எரிஞ்சிருக்குன்னு. அதுக்கப்புறம் கண்ண மூடுனா எரியுது. கை சுவிட்சுல இருக்கு, லைட்டு எரியுது. மொதல்ல எரியாமதான் இருந்துச்சு, நாலஞ்சு நாளா எரிஞ்சுகிட்டே இருக்கு. இருளாயிகிட்டகூடச் சொல்லிட்டேன்."

இருளாயி அவர் மனைவி.

"அந்தப் பேப்பர் பொய்ணே! நான் போட்ட பொய்!"

"தெரியும். நீதான் சொன்னியே." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஆனா எது மெய்னு உனக்குத் தெரியலல்ல தம்பி? எனக்கும் தெரியல. அந்தப் புள்ளைக்குக் கை போயிருச்சு. யாரோ ஒருத்தன் போட்டான்னு அது நெனச்சுகிட்டே கெடக்க முடியுமா?"

"அதுக்காக நீங்களா?"

"நீ ஒண்ணு சொல்லு. நான் இல்லன்னு சொல்லு. உறுதியா சொல்லு. இப்பவே உள்ள போயி மாத்திச் சொல்றேன். நீ சொன்னா நம்புவேன் தம்பி. லைட்டு அணைஞ்சுரும்."

நாலு என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நாலு நிமிஷம்ணே, நல்லா ஞாபகம் வந்துருச்சு, சுவத்துக் கடிகாரத்தப் பாத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். எத்தனை தடவை அந்த நடைபாதையில் நின்று அதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன்! அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. ஒருவேளை மூன்றாக இருந்தால்? ராக்காயி கட்டுப் போட்ட கையோடு என்னைக் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு தடவை நேரத்தை நானே இட்டுக்கட்ட என்னால் முடியவில்லை.

அவர் காத்திருந்தார். அவசரமே இல்லாமல், என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். உள்ளேயிருந்து டைப் அடிக்கிற சத்தம் நின்றது. ஒரு குமாஸ்தா வெளியே வந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அண்ணன் என் தோளில் ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட உள்ளே போனார்.